இன்னும் தலை துவட்டவில்லை

எனக்கு வயது எழுபத்திமூன்று. பெற்றது ஐந்து, வளர்த்தது நாலு. வளர்ந்த நாலும் நன்றாக இருக்கின்றன. ஒருத்தன் லாரி ஓட்டுகிறான், ஒருத்தி பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், மற்ற இரண்டு பேரும் கோவில்பட்டியிலேயே குடும்பமாக இருக்கிறார்கள். வளராத அந்த ஒன்றுதான் மூத்தது. அதை இடையில் சொல்லுவேன்.

எழுத்துக் கூட்டித்தான் எனக்கு வாசிக்கத் தெரியும். கட்டிலில் தொங்குகிற அட்டையைப் பார்த்துத் தாயின் பேரைச் சொல்லத் தெரியும், மருந்துச் சீட்டில் நம்பரைப் பார்க்கத் தெரியும். அவ்வளவை வைத்துக்கொண்டே ஒரு ஆயுசு வேலை பார்த்தேன், குறை சொல்ல ஆள் கிடையாது. இதை எழுதுகிறவள் என் பேத்தி மீனா. என் பேச்சை அவள் ஒழுங்காக்கி எழுதட்டும்; அங்கங்கே ஆட்கள் பேசிக்கொண்டதை மட்டும் பேசியபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். பேச்சை மாற்றினால் ஆளே மாறிப்போகும்.

போன மாதம் ஒரு நர்ஸ் பெண் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். நான் ஆயாவாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது இருப்பவள். பிரசவ வார்டின் கோடியில் சின்னதாக ஒரு அறை ஒதுக்கியிருக்கிறார்களாம். பிள்ளை தங்காமல் போன தாய்க்கென்றே அந்த அறை. உள்ளே ஒரு திரை, சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, ஒரு தொட்டில்.

"பிள்ளையத் தாய்க்குக் காட்டணும், கையில குடுக்கணும்னு இப்ப எங்களுக்கு வகுப்புலயே சொல்லிக் குடுக்காங்க ஆச்சி. உங்க காலத்துல ரூம் கிடையாதே, என்ன செஞ்சீங்க?"

"ரூம் கிடையாது. குளிப்பாட்டு இருந்துச்சு" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? காபியைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அவளுக்கும் அவளோடு வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும்தான் இது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டினேன். எங்கள் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வாழ்க்கைப்பட்டது கயத்தாறு பக்கம் ஒரு ஊர். மூத்தது வீட்டிலேயே பிறந்தது. சித்திரை வெயில். கரிசல் வெடித்து, வெடிப்புக்குள் கை நுழையும்போல் கிடந்தது. பிள்ளை பிறந்ததும் சத்தம் வரவில்லை. எனக்கு மயக்கமும் முழிப்புமாக இருந்தது. என் மாமியார் பழைய வேட்டியில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். வாசல் வெளிச்சத்தில் அந்த வேட்டியின் பச்சைக்கரை ஒரு விநாடி தெரிந்தது. நான் பார்த்தது அந்தப் பச்சைக்கரையை மட்டும்தான். "பாக்கக் கூடாது தாயி, பாத்தா மனசுல நின்னுக்கிடும், அடுத்தது தங்காது" என்று ஒரு பெரியவள் என் கண்ணைப் பொத்தினாள். ஆண் பிள்ளை என்று பிறகு சொன்னார்கள். எங்கே புதைத்தார்கள் என்று சொல்லவில்லை.

அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். பாசத்தில் செய்ததுதான். ஆனால் பிறகு எத்தனையோ வருஷம் கனவில் அந்தப் பச்சைக்கரை வந்தது. வெயில் வரும், வாசல் வரும், கரை வரும். முகம் வராது. பார்க்காத முகம் கனவில் எப்படி வரும்?

வீட்டுக்காரருக்குக் கோவில்பட்டியில் வேலை கிடைத்ததும் நானும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முதலில் பெருக்கினேன், துவைத்தேன், வாளி சுமந்தேன். பிறகு பிரசவ வார்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாத்திரம் எது, துணி எது, யாருக்கு வழி விடணும் என்று படித்துக்கொண்டேன். சொல்ல இருப்பதெல்லாம் எஸ்தர் சிஸ்டர் வந்த பிறகுதான்.

எஸ்தர் சிஸ்டர் நாசரேத் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, குரலும் ஒல்லி. அதட்டி நான் கேட்டதில்லை. வார்டுக்குத் தலைமை நர்ஸ் அவர். பிள்ளை தங்காமல் போன அன்றைக்கு அவர் செய்கிற முதல் காரியம் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போடுவது. நாடி பார்க்கக் கடிகாரம் வேண்டுமே என்று ஒருநாள் கேட்டேன்.

"நாடி பாக்குறதுக்கு மத்த சிஸ்டர் இருக்காங்க பாக்கியம். நான் மணி பாக்கேன்னு அந்தப் பிள்ள நினைச்சிரக் கூடாது."

பிள்ளை என்று அவர் சொன்னது தாயை. செத்துப்போன குழந்தையையும் பிள்ளை என்றுதான் சொல்வார். பாடி என்று யாராவது சொன்னால் திருத்த மாட்டார். காது கேட்காதவர்போல் நின்றுகொண்டிருப்பார். சொன்னவரே இரண்டாம் தடவை பிள்ளை என்று சொல்லும்வரைக்கும் பதில் வராது.

அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். தாயை மற்றத் தொட்டில்களுக்கு நடுவில் போடக் கூடாது. வேப்பமர ஜன்னல் பக்கம் கட்டிலை நகர்த்தி, ஸ்கிரீனை இழுத்துவிட வேண்டும். குழந்தையைப் பஞ்சிலும் பேப்பரிலும் சுற்றக் கூடாது. நைந்த துணி, வேட்டியோ சேலையோ, அதிலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த துணியாக இருந்தால் நல்லது. முகத்தை மூடக் கூடாது. தூக்கும்போது பொட்டலம் மாதிரித் தூக்கக் கூடாது. உயிருள்ள பிள்ளையைத் தூக்குவதுபோல முழங்கை வளைவில் தலை வரணும். பின்வாசல் வழியாக அனுப்பக் கூடாது. இன்னொன்று பெத்துக்கிடலாம் என்று அந்த வார்டில் யாரும் வாயெடுக்கக் கூடாது. பேச வரவில்லையா, பேசாமல் நில்.

குளிப்பாட்டாமல் மட்டும் பிள்ளையை அனுப்பவே மாட்டார்.

வெந்நீரில்தான் குளிப்பாட்டணும். முழங்கையை விட்டுப் பார்த்து, பொறுக்கும் சூட்டில். இந்தப் பிள்ளைக்கு வெந்நீர் என்ன, பச்சைத்தண்ணீர் என்ன என்று புதிதாக வந்த ஆயா ஒருத்தி முணுமுணுத்தாள். "தாய் அந்தக் காலைத் தொடுவா. தொடும்போது சில்லுன்னு இருக்கணுமா?" என்றார் சிஸ்டர். தோல் பூப்போல இருக்கும், தேய்க்கக் கூடாது, துணியை நனைத்து ஒற்றி எடுக்கணும், மேலிருந்து நீரை விடணும். இதெல்லாம் மெதுவாக நடக்கும். எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதில்தான் வேலையே இருந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களை உங்களுக்குத் தெரியும். பிள்ளை போய்விட்டது என்றால் ஆண்கள் வண்டி கொண்டுவந்துவிடுவார்கள். தாய் கண் முழிக்கும் முன்னால் எடுத்துப் போய்விட வேண்டும். அதுதான் அவளுக்கு நல்லது என்று நம்புகிறவர்கள். தாய் பார்க்கட்டும் என்று நாம் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் குளிப்பாட்டு நடக்கிறது என்று சொன்னால், எப்பேர்ப்பட்ட ஆளும் வாயை மூடிக்கொண்டு நிற்பான். குளிப்பாட்டாமல் கொண்டுபோகிற சாதி இந்தக் கரிசல் காட்டில் கிடையாது. சிஸ்டர் வாதாட மாட்டார். "பிள்ளை குளிச்சுக்கிட்டு இருக்கு" என்பார். தாய் முழிக்கிறவரைக்கும் பிள்ளை குளித்துக்கொண்டிருக்கும்.

சில நாள் முழித்துவிடுவாள். சில நாள் முழிக்க மாட்டாள், நாங்களும் அனுப்பித்தான் ஆகணும். அனுப்பின நாளில் சிஸ்டர் கடிகாரத்தைத் திரும்பக் கட்டாமலே வீட்டுக்குப் போவார்.

இனி ராமலட்சுமி கதை.

ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து வந்தவள். சம்சாரி வீடு, உளுந்தும் பருத்தியும் மானத்தைப் பார்த்து விதைக்கிற குடும்பம். தலைப்பிரசவம். அவள் மாமியார் வெள்ளத்தாய் ஒரு பெரிய துணிப்பையோடு வந்திறங்கினார்கள். மகன் கருப்பசாமி, அதாவது ராமலட்சுமியின் புருஷன், நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாத பையன். கூடவே அவனுடைய சித்தப்பா ஒருத்தர், எல்லாருக்கும் சேர்த்துப் பேசுகிறவர்.

வரும்போதே ராமலட்சுமிக்கு ரத்தப்போக்கு. டாக்டரம்மா தாமதிக்கவில்லை. மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். தாயைக் காப்பாற்றியாச்சு. பிள்ளை வயிற்றிலேயே போயிருந்தது. பெண் பிள்ளை, நிறைந்த முடி. டாக்டரம்மா வெளியே வந்து கருப்பசாமியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னார்கள். நின்றுகொண்டு சொல்லவில்லை. அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு எழுந்து போய் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

உச்சி சாய்கிற நேரம். வேப்பம்பூ உதிர்ந்து சிமெண்டுத் தரையெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. அந்த மத்தியானத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வருவதுபோல் இருக்கும். எங்கேயோ ரயில் போகிற சத்தம். குயில் ஒன்று, யாரோ கேள்வி கேட்டதுக்குப் பதில் சொல்வதுபோல, விட்டு விட்டுக் கூவிக்கொண்டிருந்தது. வெயில் ஜன்னல் வழியாக வந்து குளியலறைத் தரையில் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. சிஸ்டர் என்னிடம் வந்தார். கடிகாரத்தைக் கழற்றினார்.

"பாக்கியம், குளிப்பாட்டு. தாய்க்கு மயக்கம் தெளிய நேரமாகும்" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது.

அண்டாவில் வெந்நீர் இருந்தது. வாளியில் விளாவினேன். முழங்கையை விட்டுப் பார்த்தேன், சூடு கூடுதலாக இருந்தது, பச்சைத்தண்ணீர் ஊற்றினேன், ஆறிப்போனது, மறுபடியும் வெந்நீர். பலகையில் துணி விரித்துப் பிள்ளையைக் கிடத்தினேன். கையை ஒற்றினேன். விரல் இடுக்கை ஒற்றினேன். வெளியே சித்தப்பா குரல் கேட்டது.

"வேன் வந்துட்டும்மா. பொழுது சாயறதுக்குள்ள ஊரு சேரணும்."

"பிள்ளை குளிச்சுக்கிட்டு இருக்கு அண்ணாச்சி" என்று சிஸ்டர் சொன்னார்.

ஆவி எழும்பி வெயிலில் சுருண்டு சுருண்டு போனது. எனக்கு என் மூத்தது ஞாபகம். அன்றைக்கும் இதே வெயில்தான், இதே நேரம்தான். எது அந்த மத்தியானம், எது இந்த மத்தியானம் என்று கலங்கிப்போகும்போல் இருந்தது. தண்ணீர் ஆறிவிட்டது என்று இரண்டாம் வாளி விளாவினேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெள்ளத்தாய் உள்ளே வந்தார்கள். துணிப்பை தோளிலேயே தொங்கியது. கண் சிவந்திருந்தது, வாய் மட்டும் வாள்.

"என்னம்மா இது, கல்யாணப் பொண்ணா குளிக்கு? ஆம்பளைக வெயில்ல காயுதாக. ரெண்டு செம்பு ஊத்திக் குடு, நாங்க போறோம்."

"இந்தா முடிஞ்சிரும் மதினி."

"அவ கண்ணு முழிக்கதுக்குள்ள போயாகணும். பாத்துட்டான்னா அடுத்தது தங்காது. உனக்குத் தெரியாதா? நீயும் பிள்ள பெத்தவதான?"

"பெத்தவதான் மதினி" என்றேன். ஒற்றின விரலையே மறுபடியும் ஒற்றினேன். அது பிள்ளைக்காகவா, என் மூத்ததுக்காகவா என்று எனக்குத் தெரியாது.

வெள்ளத்தாய் என் கையைப் பார்த்தார்கள். பிறகு பலகையில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார்கள். அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் பார்க்கவில்லை.

"இப்படியாம்மா பிடிப்பாக? பலகையில போட்டு... சப்பாத்தியா உருட்டுத?"

"உங்க ஊர்ல பிள்ளைகளுக்கு யாரு மதினி குளிப்பாட்டுவா?"

"வேற யாரு? நாந்தான். ஊருல பாதிப் புள்ள என் கால்ல கெடந்து எந்திச்சதுதான்."

"அப்ப உங்க பேத்தி எதுக்கு என் கையில கெடக்கணும்?"

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது.

குயில் ஒரு தடவை கூவிவிட்டு நின்றது. வெளியே சித்தப்பா செருமினார். வெள்ளத்தாய் தோளிலிருந்து பையை இறக்கிச் சுவரோரம் வைத்தார்கள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினார்கள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து நீட்டினார்கள். வெயில் விழுந்த இடத்தில் அந்தக் கால்கள். காட்டில் நடந்து நடந்து குதிகால் கரிசல்போலவே வெடித்திருந்தது.

"கொண்டா" என்றார்கள்.

பிள்ளையைக் கால்மேல் கிடத்தினேன். தலை பாதத்துப் பக்கம், முகம் மேலே பார்த்து. நான் செம்பில் மோந்து கொடுத்தேன், அவர்கள் ஊற்றினார்கள். தேய்க்கப் போனார்கள். "தேய்க்காதீங்க மதினி, தோலு தாங்காது. ஊத்துனா போதும்" என்றேன். "ம்" என்றார்கள். அதற்குப் பிறகு அந்தக் கைக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கைக்கு ஒரு ஞாபகம் உண்டு. மனசுக்கு அது தெரியாது. தலைக்கு ஊற்றும்போது இடது கையை நெற்றியில் அணை கட்டினார்கள், கண்ணுக்குள் தண்ணீர் போய்விடக் கூடாது என்று. மூக்கைப் பிடித்துவிட்டார்கள். புருவத்தை நீவினார்கள். கழுத்து மடிப்பில் நீர் தங்கக் கூடாது என்று விரலால் வழித்தார்கள். "எங்க ஆத்தா முடி. அவிய தலை இப்படித்தான் இருக்கும், சீப்பு நுழையாது" என்றார்கள். என்னிடம் சொன்னதுபோலும் இருந்தது, பிள்ளையிடம் சொன்னதுபோலும் இருந்தது. காதுக்குள் தண்ணீர் இருக்கும் என்று குனிந்து இரண்டு காதிலும் ஊதினார்கள்.

தண்ணீர் தீர்ந்தது. "இன்னும் ஒரு வாளி விளாவும்மா" என்றார்கள்.

நான் விளாவினேன். அவசரப்பட்ட ஆள் அவர்கள்தான். இப்போது அந்தக் குளிப்பாட்டை முடியவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவரும் அவர்கள்தான். எனக்கு வேலையே இல்லை. மோந்து மோந்து கொடுத்தேன்.

குளித்து முடித்ததும் பையைத் திறக்கச் சொன்னார்கள். பிள்ளை பிறக்கும் என்று கட்டிக்கொண்டுவந்த பை. நைந்த வேட்டித் துணி அடுக்கடுக்காக, சின்னச் சட்டை, சாம்பிராணி, தாய் குளிக்கிற வெந்நீரில் போடும் வேதுப் பொடி, அப்புறம் வசம்பைச் சுட்டு எண்ணெயில் இழைத்த மை ஒரு சின்ன டப்பியில். வேட்டியில் தலையைத் துவட்டினார்கள். நுனி முடியைத் துவட்டினார்கள். சட்டை போட்டார்கள். டப்பியைத் திறந்து, மோதிர விரலால் தொட்டு, கன்னத்தில் கண்திருஷ்டிக்கு ஒரு பொட்டு வைத்தார்கள்.

வைத்த விரல் அப்படியே நின்றுவிட்டது.

எந்தக் கண் படப்போகிறது இந்தப் பிள்ளைமேல்? அது அவர்களுக்கும் அப்போது பட்டிருக்கும். அழித்துவிடுவார்களோ என்று நினைத்தேன். அழிக்கவில்லை. விரலை மெல்ல எடுத்துத் தன் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்கள்.

கதவு திறந்தது. எஸ்தர் சிஸ்டர்.

"ராமலட்சுமி முழிச்சிட்டா. கேக்கா."

"என்ன கேக்கா?" என்றார்கள் வெள்ளத்தாய்.

"பிள்ளை எங்கன்னு கேக்கா."

அதற்கு மேல் சிஸ்டர் ஒரு சொல் சொல்லவில்லை. கொடுங்கள் என்றும் சொல்லவில்லை, காட்டுங்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார். சிஸ்டருக்குப் பின்னால் சித்தப்பா வந்து நின்றார். கையில் பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு துண்டை விரித்துப் பிடித்திருந்தார். குளியலறையை விட்டு வெளியே வந்தால் இடது பக்கம் வாசல், வலது பக்கம் வார்டு. இடது பக்கம் போனால் ராமலட்சுமிக்கும் என்னைப்போல ஆயுசுக்கும் கனவில் ஒரு துணியின் கரைதான் மிஞ்சும்.

"மதினி, நேரமாவுது. கொண்டாங்க" என்றார் சித்தப்பா.

வெள்ளத்தாய் பிள்ளையைத் தோளோடு அணைத்தபடி எழுந்தார்கள்.

"இரும். பிள்ளைக்கு இன்னும் தலை தொவட்டல."

முடி காய்ந்து வெயிலில் பறந்துகொண்டிருந்தது. சித்தப்பா அதைப் பார்த்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "தொவட்டுங்க, தொவட்டுங்க" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

வார்டுப் பக்கம் திரும்பும்போது நான் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "பாத்தா அடுத்தது தங்காதுன்னு சொன்னீங்களே மதினி."

"அடுத்தத அடுத்தாப்புல பாப்போம். இது இப்ப இருக்கு" என்றார்கள்.

ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் ராமலட்சுமி மயக்கம் பாதி கலைந்தவளாகக் கிடந்தாள். ஸ்கிரீனுக்குள் வேப்பமர நிழல் ஆடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அவள் தலைமாட்டில் நின்று, காதருகே குனிந்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை, பெண் பிள்ளை, உன் மாமியார் குளிப்பாட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ராமலட்சுமி கையை மட்டும் நீட்டினாள். வெள்ளத்தாய் அவள் மாரில் பிள்ளையைச் சாய்த்துவிட்டார்கள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலைத் தொட்டாள். வெதுவெதுப்பு அப்போதும் இருந்தது. முடியில் முகத்தை வைத்து மோந்தாள். பிறகு கன்னத்தைப் பார்த்தாள்.

"யாரு பொட்டு வச்சது?"

"நாந்தாண்டி" என்றார்கள் வெள்ளத்தாய்.

"கோணலா இருக்கு அத்த."

"நாளைக்கு நேரா வைக்கேன்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர்களுக்கே கேட்டது. சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்த வார்த்தை அங்கேயே நின்றது, வேப்பம்பூ விழுகிற மாதிரி மெதுவாகக் கீழே இறங்கியது. பிறகு ராமலட்சுமி "சரி அத்த" என்றாள். அப்புறம்தான் இரண்டு பேரும் அழுதார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, நடுவில் பிள்ளையை நசுக்கிவிடாமல், பார்த்துப் பார்த்து அழுதார்கள்.

சிஸ்டர் போய்க் கருப்பசாமியைக் கூட்டிவந்தார். "எனக்குத் தூக்கத் தெரியாது சிஸ்டர்" என்று அவன் ஸ்கிரீனுக்கு வெளியே நின்றான். "யாருக்கும் தெரியாதுப்பா. கைய மடக்கு" என்று அவன் முழங்கையை மடக்கிப் பிள்ளையை வைத்தார். பேசத் தெரியாத பையன், பிள்ளையின் பாதத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது விரலு நீளமா இருக்கு. எனக்கும் இப்படித்தான்" என்றான். தன் செருப்பைக் கழற்றிக் காட்டினான். ராமலட்சுமி எட்டிப் பார்த்தாள். ஆமாம் என்றாள். அந்த ஒரு விநாடியில் அவர்கள் இரண்டு பேரும் சாதாரணமாகப் பிள்ளை பெற்றவர்கள்போல் இருந்தார்கள். அவர்கள் பிள்ளை பெற்றவர்கள்தானே.

பொழுது சாயும் முன்னால் ஆண்கள் முன்வாசல் வழியாகவே போனார்கள்; வெள்ளத்தாய் மருமகளோடு தங்கினார்கள். பிள்ளை கருப்பசாமி கையில். எங்கே வைப்பார்கள் என்று ராமலட்சுமி கேட்டாள். "பருத்திக்காட்டுல, கெணத்து மேட்டுல, வாகை மரத்தடியில" என்று வெள்ளத்தாய் சொன்னார்கள். அதையும் மறைக்கவில்லை.

இரண்டொரு நாளில் ராமலட்சுமிக்குப் பால் கட்டியது. பிள்ளை இல்லை என்று மாருக்கு யார் சொல்வது? பால் வற்ற மாத்திரை கொடுத்தார்கள். அதோடு எங்கள் பழக்கமும் உண்டு. தொடுக்காத மல்லிகைப் பூவை மாரில் வைத்துத் துணியால் கட்டுவது. வெள்ளத்தாய் மார்க்கெட்டுக்குப் போய் மொட்டாகவே வாங்கிவந்தார்கள். கட்டும்போது மொட்டு, உடம்புச் சூட்டில் ஒவ்வொன்றாக விரியும். வார்டு முழுக்க மணம். எதற்கு அந்தப் பூ என்று தெரிந்த பெண்கள், தங்கள் தொட்டிலை ஆட்டுகிற கையை நிறுத்திக்கொண்டார்கள். ராமலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். "கனவுல வந்தா ஆயாம்மா. முகம் நல்லாத் தெரிஞ்சுது. பொட்டுகூட" என்றாள். நான் ஸ்கிரீனுக்கு வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றேன்.

அவர்களுக்கு அடுத்தது தங்கியது. இதைச் சொல்லாமல் விட்டால் வாசிக்கிற பிள்ளைகளுக்கு மனசு கேட்காது என்பதால் சொல்கிறேன். தங்காமல் போயிருந்தாலும் அன்றைக்கு நாங்கள் செய்தது செய்ததுதான். மறுபடியும் பிரசவத்துக்கு வந்தபோது, புதிதாகச் சேர்ந்த நர்ஸ் வழக்கம்போலக் கேட்டாள்.

"இது எத்தனாவது பிள்ளை?"

ராமலட்சுமி வாய் திறக்கும் முன்னால், துணிப்பையோடு பின்னால் நின்ற வெள்ளத்தாய் வார்டுக்கே கேட்கும்படி சொன்னார்கள்.

"ரெண்டாவது. மூத்தது பொம்பளப் பிள்ள."

நான் அப்போது வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த வயசுவரைக்கும் எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும் நாலு என்றுதான் சொல்லியிருந்தேன். அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போகிற வழியில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் பேச்சுவாக்கில் கேட்டாள். "அஞ்சு" என்றேன். "மூத்தவன் என்ன செய்யுதான்?" என்றாள். "பிறந்தப்பவே போயிட்டான்" என்றேன். அவள் "அச்சோ" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இறங்கும் ஊர்வரைக்கும் விடவில்லை. சொல்லிவிட்டால் இப்படியும் ஒரு கை கிடைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாமல் இருந்தது.

எஸ்தர் சிஸ்டர் இப்போது இல்லை. குளியலறையையும் மாற்றிக் கட்டிவிட்டார்களாம், குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிறதாம். நல்லதுதான். புது அறையும் நல்லது, நாற்காலியும் நல்லது. நர்ஸ் பிள்ளைகளே, எனக்கு உங்களிடம் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். அந்த அறைக்குள் போகும்போது கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். செல்போனையும். தாயை மட்டும் பார்க்காதீர்கள். சுவரோரம் பையை வைத்துக்கொண்டு ஒரு மாமியார் நிற்பாள், மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தகப்பன் நிற்பான். அவர்கள் கையிலும் ஏதாவது வேலை கொடுங்கள். செம்பைக் கொடுங்கள்.

என் மூத்தது இப்போதும் கனவில் வரும். முகம் வராது, அது வரப்போவதில்லை. ஆனால் கொஞ்ச காலமாக வேட்டிக்கரை மட்டும் வருவதில்லை. வெயில் விழுந்த தரை வரும். நீட்டின கால் இரண்டு வரும், என்னுடையதோ வெள்ளத்தாயுடையதோ தெரியாது. யாரோ மோந்து கொடுக்க, நான் ஊற்றிக்கொண்டிருப்பேன். தண்ணீர் தீராது.

போதும் மீனா. எழுதினதை எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டு. முதலிலிருந்து, பெற்றது ஐந்து என்கிற இடத்திலிருந்து.

"ரொம்ப நீளமா இருக்கு ஆச்சி. வேகமா வாசிச்சிரட்டா?"

வேண்டாம் ஏட்டி, மெதுவா வாசி. பிள்ளைக்கு இன்னும் தலை தொவட்டல.